எங்கள் தோப்பில் எங்களுக்கே தடை

செய்யூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் சவுக்குத் தோப்பில் அன்று அப்பா, சித்தப்பா, நான் மூவரும் இருந்தோம். கேட்டுச் சொல்ல எங்கள் வக்கீல் மட்டும் கூட இல்லை. மரம் வெட்டும் ஒப்பந்தத்தில் காண்ட்ராக்டருக்கும் எங்களுக்கும் தகராறு. அவர் வெட்டலாம் என்று தீர்ப்பாகி வழக்கில் தோற்று, செங்கல்பட்டில் அப்பீல் போட்டிருந்தோம். அப்பீல் தீர்ப்பு வரும்வரை தோப்பு இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்று இடைக்காலத் தடை கிடைத்தது. அது காண்ட்ராக்டருக்குத்தான் என்று நினைத்து, அக்கா கல்யாணப் பந்தலுக்குக் கம்பு வெட்டப் போனோம். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சித்தப்பா கோடரியை ஓங்கும்போது, வரப்பில் காண்ட்ராக்டரின் ஆள் கேமராவோடு நிற்பதைப் பார்த்தேன்.

"வெட்டு அண்ணாத்த. இன்னாத்துக்கு நிக்கிற? நானா தடுக்கப் போறேன்?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. சித்தப்பாவின் கையைப் பிடித்தேன்.

"நம்ம மரம்டா, வுடு."

"நான் போன் பண்ணிட்டு வர்ற வரிக்கும் தொடாத சித்தப்பா" என்று கெஞ்சிவிட்டு, சைக்கிளில் எஸ்.டி.டி. பூத்துக்குப் பறந்தேன்.

"ஒரு மரம் சாஞ்சாலும் உத்தரவை மீறினது நீங்கதான். தடை போயிடும். தோப்பு மொத்தத்தையும் அவன் வெட்டிடுவான்" என்றார் வக்கீல்.

சைக்கிளை வேகமாக மிதித்துத் திரும்பினேன். யாரும் வெட்ட முடியாதபடி, அப்பா அந்த மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

இப்போதெல்லாம் எந்த உத்தரவு வந்தாலும், நாங்கள் எதைச் செய்யக் கூடாது என்றுதான் வக்கீலிடம் முதலில் கேட்கிறேன். தோப்பு நிறையச் சவுக்கை வைத்துக்கொண்டு, பந்தல் கம்புக்கு நாங்கள் கொடுத்த வாடகை எழுநூறு ரூபாய்.