ஓட்டுநர் அறையில் ஒரே ஒரு குரல்

2024 நவம்பர் 12, செவ்வாய். எழுந்ததும் காபி, செய்தித்தாள், குளியல். ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தேன். மயூர் விஹாரில் மெட்ரோ ஏறிப் பல்கலைக்கழகம் போய்ச் சேரும்வரை யாரிடமும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் வரவில்லை.

எங்கள் துறையில் மெட்ரோ ரயில் ஓட்டக் கற்றுத் தருகிறோம். நிஜ ஓட்டுநர் அறையைப் போலவே அமைத்த சிமுலேட்டர் ஒன்று உண்டு. எதிரே திரையில் தண்டவாளம் ஓடும். சிக்னலைக் கண்டதும் ஓட்டுபவர் அதை விரலால் சுட்டி, நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்க ஆளில்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். கவனம் சிதறாமலிருக்க வந்த வழக்கம்.

அன்று ஒரு மாணவிக்கு மறுதேர்வு. கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். இதிலும் தவறினால் ஓராண்டு வீண். நான் மதிப்பெண் தாளுடன் பின்னால் உட்கார்ந்தேன். முதல் சிக்னலுக்கு விரல் நீண்டது, குரல் வரவில்லை. அடுத்ததற்கும் அப்படியே.

வாசலில் நின்ற அவள் தோழி சிரித்தாள். "அரே, மத்த நாள்ல உன் வாயை மூடவே முடியாது. இப்ப என்னாச்சுடி?"

"நீ பக்கத்துல உக்காந்து 'அச்சா அச்சா'ன்னு சொல்லுவியே, அதான்" என்றாள் அவள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மேம், நீங்க இருக்கீங்க, ஆனா பதிலே சொல்ல மாட்டேங்கறீங்க. யாருமே இல்லேன்னா சொல்லிடுவேன். கொஞ்சம் வெளியில போறீங்களா?"

இருப்பது ஒரே சிமுலேட்டர் என்பதால் பயிற்சியில் இருவர் இருவராகவே உட்காரவைப்போம். தனியாகச் செய்யப்போகும் வேலையைத் துணையோடு மட்டுமே பழக்கியிருந்தோம்.

தேர்வாளர் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும் என்றுதான் விதி. உள்ளே இருக்க வேண்டும் என்று இல்லை. முதலிலிருந்து ஓட்டச் சொல்லிவிட்டு, தோழியுடன் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கதவிலிருந்த கண்ணாடி வழியே விரல் நீள்வது தெரிந்தது. "சிக்னல் க்ரீன்." மெல்லிய குரல்தான். அடுத்த சிக்னலுக்குக் கதவைத் தாண்டித் தெளிவாகவே கேட்டது. கடைசி நிலையம்வரை ஒன்றும் தவறவில்லை.

"பாஸ்" என்றேன். இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

"மேம், நீங்களும் வாங்க, சாய் குடிக்கலாம்."

வேலை இருக்கிறது என்றேன். உண்மையில் எதுவும் இல்லை. அவர்கள் போன பிறகு, அடுத்த பருவத்திலிருந்து ஒவ்வொருவரும் தனியாகவும் ஓட்டிப் பழக நேரம் ஒதுக்க வேண்டும் என்று துறைத் தலைவருக்கு எழுதி அனுப்பினேன்.

மறுநாள் காலை எழுந்ததும் பால் காய்ச்சினேன். அடுப்பை அணைத்து, குமிழை விரலால் சுட்டி, "மூடியாச்சு" என்றேன். தொண்டை கரகரத்தது. இன்னொரு முறை சொன்னேன்.