வாய்க்கால் வழியே ஓர் அடக்கம்

மெதடிஸ்ட் போதகனுக்குச் சொந்த ஊர் என்று ஒன்று கிடையாது. சபை மாநாடு கூடி எந்த ஊர் என்று வாசிக்கிறார்களோ, அந்த ஊருக்குச் சட்டிபானையோடு கிளம்பிவிட வேண்டும். எனக்கு நன்னிலத்துக்குக் கிழக்கே ஒரு சேரிச் சபையை வாசித்தார்கள். கோட்டையில் ஆட்சி மாறி, இனி ஏழைக்கு விடிந்துவிட்டது என்று மேடைக்கு மேடை முழங்கிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊர்ப் பண்ணையாரும் சளைத்தவரில்லை. ஆளுங்கட்சிக் கொடியை முதல் ஆளாக வாசலில் ஏற்றினார். சேரி முனையில் செங்கொடி பறந்தது. இரண்டுக்கும் நடுவே ஓட்டுக்கூரை போட்ட எங்கள் ஆலயம் இருந்தது.

வேளாங்கண்ணி பக்கம் என்பதால் அங்கே அங்கி போட்டவனெல்லாம் சாமியார்தான். பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் உள்ள சாமியார் என்று டீக்கடையில் என்னைக் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்த ஐப்பசிக்குப் பிறகு சிரிப்பு குறைந்துவிட்டது.

கூலி நெல்லை உயர்த்திக் கேட்டு எங்கள் ஜனங்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். பண்ணையார் வெளியூர் ஆட்களை இறக்கி நடவை முடித்தார். கண்ணுக்கெட்டிய தூரம் சம்பாப் பயிர் பச்சை பிடித்து நிற்க, வருஷா வருஷம் அதை நட்டவர்கள் நண்டும் நத்தையும் பிடித்துத் தின்றார்கள். ஆகாரத்துக்காக நான் ஜெபித்த ஜெபமெல்லாம் ஓட்டுக்கூரையைத் தாண்டி மேலே போனதாக எனக்குத் தோன்றவில்லை. கடவுள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அப்போதுதான் எங்கள் ஜனங்களில் ஒருத்தி காய்ச்சலில் விழுந்தாள். சபையில் உரக்கப் பாடுகிறவள். செங்கொடியை முதலில் கையில் பிடித்தவளும் அவள்தான். முந்தின வருஷம் பிறந்து சில நாளில் இறந்த அவளுடைய குழந்தையை நான்தான் அடக்கம் செய்திருந்தேன். ஜெபிக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, என்னப் புள்ள பக்கத்துலயே வச்சிடுங்க" என்றாள். "அப்படியெல்லாம் பேசாதம்மா" என்றேன். அவள் கையை விடவில்லை. "சரிம்மா, வச்சிடறேன்" என்றேன். மறுநாள், சனிக்கிழமை விடியற்காலை, அவள் புருஷன் மழையில் நனைந்தபடி வந்து நின்றான். "போயிட்டாய்யா."

குழந்தை கிடந்த கல்லறைத் தோட்டம் பண்ணை வயல்களுக்கு அப்பால், ஒரு திட்டில் இருந்தது. வரப்பில் ஆள் பின்னால் ஆளாகத்தான் போக முடியும். சேரியில் வேதத்துக்கு வராதவர்கள் பாடை கட்டி எப்படியோ கொண்டுபோய்விடுவார்கள். எங்களவர்களுக்குப் பெட்டி வேண்டும். உயிரோடு இருந்தவரை கதவு வைத்த வீடு இல்லை, செத்த பிறகாவது நாலு பக்கமும் பலகை இருக்கட்டும் என்பார்கள். அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் பெட்டியைத் தூக்குகிறவர்கள் வரப்புக்கு இருபுறமும் வயலில் இறங்கித்தான் நடக்க வேண்டும். மற்ற வருஷங்களில் பண்ணையார் கண்டுகொள்ள மாட்டார். இந்த முறை, பயிரில் கால் வைத்தால் கேஸ் என்று தலையாரியிடம் சொல்லியனுப்பிவிட்டார்.

குடையைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"வாங்க சாமியாரே, உக்காருங்க" என்றார். காப்பி வந்தது. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பிரசங்கத்துல ஒரு வார்த்த சொல்லுங்க. கொடிய இறக்கிட்டு வேலைக்கு வரட்டும். இப்பவே நானே ஆள் விட்டு வழி பண்ணித் தர்றேன்."

"செத்தவளுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"வயல் என்னுது. அதான் சம்பந்தம்."

அந்தக் காப்பியை அவர் தலையில் கொட்டலாம் போலிருந்தது. கொட்டவில்லை. சரி என்று ஒரு சொல் சொன்னால் என் வாக்கு நிறைவேறும் என்ற நினைப்புதான் வழியெல்லாம் குடைந்தது. சேரிக்கு வந்து அவர் கேட்டதை அப்படியே சொன்னேன். பெட்டியை மூடிவிட்டு அதன் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்த புருஷன் தலை நிமிர்ந்தான்.

"இவ புடிச்ச கொடிய இவளுக்காகவே எறக்கறதாய்யா?" என்றான். பிறகு எழுந்தான். "வயல்தான அவருது. திட்டு வரைக்கும் போற வாய்க்கா கவர்மெண்டுதுதான. எறங்குங்கடா."

இறங்கினார்கள். நானும் அங்கியோடு இறங்கினேன். காவிரித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து வாய்க்கால் மார்பு மட்டத்துக்கு ஓடியது. பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆண்கள் முன்னால் நடக்க, பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். பண்ணை ஆட்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டைத் தொடங்கினேன், இரண்டாம் அடியிலேயே சுருதி இறங்கிவிட்டது. வழக்கமாகத் தூக்கி நிறுத்துகிற குரல் பெட்டிக்குள் இருந்தது.

திட்டுக்கு வந்து சேர்ந்தோம். குழந்தைக்குப் பக்கத்தில் காலையில் வெட்டிவைத்த குழி நிறையத் தண்ணீர். பானையால் இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. வேறு வழியில்லாமல் பெட்டியை இறக்கினோம். அது மிதந்தது. மண்ணைத் தள்ளினால் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் எழும்பியது. பாரம் வைக்கலாம் என்றால் அந்தச் சீமையில் தேடினாலும் ஒரு கல் கிடைக்காது. யாராவது மேலே ஏறி நிற்க வேண்டும் என்றார்கள். எல்லோரும் புருஷனைப் பார்த்தார்கள்.

"நா எப்படிய்யா அவள மிதிப்பேன்?" என்று அவன் என்னைப் பார்த்தான்.

நான் குழிக்குள் இறங்கிப் பெட்டிமேல் ஏறி நின்றேன். பெட்டி அமிழ்ந்தது. பலகை இடுக்குகளில் தண்ணீர் புகுந்து குமிழி விடுவது காலுக்கடியில் தெரிந்தது. அடக்க ஆராதனைப் புஸ்தகம் நனைந்து கூழாகியிருந்தது. மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினேன். சேற்றை வாரிப் போட்டார்கள்.

"ஐயா" என்றான் அவன். "அது தலமாடுங்க. கொஞ்சம் காலுப் பக்கமா நில்லுங்க."

நகர்ந்தேன். தலைப் பக்கம் மேலே எழும்பிவிட்டது. திரும்பவும் தலைமாட்டுக்கே வந்து, என் பாரம் முழுவதையும் வைத்து நின்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உலகத்தின் கடைசி நாளில் அவள் உயிரோடு எழுந்திருப்பாள் என்பதை அங்கே நின்றுதான் சொன்னேன்.