முதல் வரிசையில் பன்னிரண்டு வீடு

புதிதாக இணைப்புக் கேட்டு யார் வந்தாலும் மார்லிஸ் த்வைட் முதலில் விசாரிப்பது பெயரை அல்ல. "வீடியோ பாதியில நின்னா உங்க வீட்ல யாரு முதல்ல கத்துவாங்க?" பதிலைக் கேட்ட பிறகுதான் விலை சொல்வாள்.

வடக்கு டகோட்டாவின் இந்த மூலையில் தானியக் கிடங்கின் உச்சியில் அவள் நட்ட ஆன்டெனாதான் ஊருக்கே இணையம். முதல் வரிசை மாதம் தொண்ணூறு டாலர், கடைசி வரிசை முப்பது. பனி கொட்டி சிக்னல் மெலிந்தால் முதல் வரிசைக்கு வீடியோ தடங்கலில்லாமல் ஓடும். கடைசி வரிசைக்காரர்கள் மின்னஞ்சலோடு மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். முதல் வரிசையில் பன்னிரண்டு வீடுகளுக்குத்தான் இடம். அதில் ஒன்று அவளுடையது.

இணையத்தில் மாட்டு ஏலம் எடுக்கும் டுவேன், தன் தம்பிக்கும் முதல் வரிசையில் இடம் கொடுத்தால் இரட்டிப்புப் பணம் தருவதாக ஆசை காட்டிப் பார்த்தான். "எல்லாரையும் முன்னாடி நிறுத்திட்டா அப்புறம் அது என்ன முன்னாடி? நீ கட்டற காசும் தண்டம்ப்பா" என்று சொல்லி அவன் வாயை அடைத்தாள். விலையில்தான் இந்தக் கறார். மற்றபடி பில் கட்ட வருகிறவர் எவரும் அவள் சுட்ட உருளைக்கிழங்கு லெஃப்ஸா ரொட்டியைத் தின்னாமல் படியிறங்க முடியாது.

பிப்ரவரிப் புயலில் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். அன்று மாலை ஃபார்கோவில் மாநில ஐஸ் ஹாக்கி இறுதிப் போட்டி. கோல் காப்பவள் மார்லிஸின் மகள் காரி. நேரில் போக வழியில்லாமல், இணையத்தில் வந்த ஆட்டத்தை டிவியில் போட்டுக்கொண்டு, அணியின் சால்வையைக் கழுத்தில் சுற்றியபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

கடைசிச் சில நிமிடங்கள் இருக்கும்போது லென்னி கதவைத் தட்டினான். பாவம், கடைசி வரிசைக்காரன். மனைவி ஜாய்ஸ் ஃபார்கோ மருத்துவமனையில் இருக்கிறாள். அரை மணியில் இதய அறுவை சிகிச்சை. போனில் பேசியாகிவிட்டது, அவளுக்கு இவன் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். இவன் வீட்டிலோ வீடியோ வரவில்லை. தொண்ணூறு டாலரை நீட்டினான்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும், மார்லிஸ்."

"பன்னெண்டும் நெறஞ்சிருக்கு லென்னி."

அவன் தலையாட்டிவிட்டுத் திரும்பினான். மார்லிஸ் டிவியை ஒரு முறை பார்த்தாள்.

"காசை உள்ள வை. வீட்டுக்குப் போய் அவளக் கூப்பிடு. முகம் வரும்."

அவன் போனதும் கணினியில் உட்கார்ந்து லென்னியை முதல் வரிசைக்கு ஏற்றினாள். தன் வீட்டைக் கடைசி வரிசைக்குத் தள்ளினாள். டிவியில் காரி கையுறையை உயர்த்தியபடி அப்படியே நின்றுவிட்டாள். கோலை நோக்கி வந்த வட்டைப் பிடித்தாளா, விட்டாளா, தெரியவில்லை.

மார்லிஸ் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அசையாத மகளுக்கு மெல்லக் கைதட்டினாள்.