என் கண்ணை என் உடம்பே அடித்தது

போராட்டத்துக்கு நோட்டீஸ் எழுதுகிறவனுக்கு முதல் வேலை, எதிரி யார் என்று பெயர் சொல்வது. கருமத்தம்பட்டி விசைத்தறித் தொழிலாளர்களுக்காகத் தலை நரைக்கும் வரை அதைத்தான் செய்தேன். என் நோட்டீஸைப் படித்துவிட்டு மேடையேறியவர்கள் இன்று காரில் போகிறார்கள். நான் கணபதி ஸ்டாப்பில் பஸ் ஏறிக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகிறேன். அங்கே பெஞ்சில் காத்துக் கிடக்கும் கண் சிவந்த சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக.

எதிரி யார்?

இடது கண் சிவந்தபோது பஞ்சுத் தூசி என்றே நினைத்தேன். மெடிக்கலில் ஏதோ சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு, கூலி உயர்வுப் பேச்சுவார்த்தைக்கு அலைந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். வலது கண்ணிலும் அதே அழற்சி தொடங்கியிருந்தது. அதுவும் போனால் எழுத்து போச்சு. எழுத்து போனால் இந்த ஊரில் என்னை எவன் திரும்பிப் பார்ப்பான்?

தறித் தூசிக்கு நஷ்டஈடு கேட்டு ஒரு நோட்டீஸை மனதுக்குள் எழுதியே விட்டேன். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதிருக்கும். தூசியும் இல்லை, கிருமியும் இல்லை என்றார். நோயோடு சண்டை போட வேண்டிய என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே, ஆள் தெரியாமல் என் கண்ணைத் தாக்குகிறதாம். வாழ்நாள் முழுக்க எதிர்ப்பை வளர்த்தவனுக்கு இதுவா கூலி? "தூண்டிவிட்டது யாரு?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா நாங்களே சொல்லிருவோமுங்கய்யா. நீங்க அவசரப்பட்டு யாரு மேலயும் கேஸ் போட்டுராதீங்க."

உப்பிய கன்னம்

எதிர்ப்பை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். வலது கண் தெளிந்தது. ஆனால் மாத்திரை கண்ணோடு நிற்கவில்லை, உடம்பு முழுக்கப் போனது. சர்க்கரை ஏறியது, தூக்கம் போனது, கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பிவிட்டன.

அப்போது வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. தறிகள் நின்று, வீடுகளில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. டீக்கடையில் பழனிசாமியைப் பார்த்தேன். என்னோடு ஒரே ஜீப்பில் ஏறி ஜெயிலுக்கு வந்தவன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உடம்புக்கு என்ன என்று கேட்பான் என்று நினைத்தேன். டம்ளரை வைத்துவிட்டு, கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னான்:

"ஏனுங்கண்ணா, நாங்க பட்டினி கெடக்கறோம், உங்களுக்கு மட்டும் சதை போட்டிருக்குது. மொதலாளியூட்டுச் சோறு நல்லா ஒட்டுதாட்ட இருக்குதுங்களே!"

பெஞ்சுக் கூட்டம்

தடியடியில் முதுகு கன்றிய நாளில்கூட எனக்குக் கண் கலங்கியதில்லை. அன்று கலங்கியது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள் என்றேன். திடீரென்று நிறுத்தினால் கண்ணும் போகும், உயிருக்கும் ஆபத்து என்றார் டாக்டரம்மா. வேறு வழி ஒன்று இருந்தது. மருந்தை ஊசியால் வலது கண்ணுக்குள்ளேயே வைத்துவிடுவது. கலகம் நடக்கிற இடத்தில் மட்டும் அடக்கும்; மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குள் ஊசியா? வெளியே வந்தேன். பயந்தால் பேச்சுதான் எனக்குத் துணை. "ஏழையின் கண் என்ன பரிசோதனைச் சாலையா?" என்று பெஞ்சுகளைப் பார்த்து முழங்கினேன். அந்தியூரிலிருந்து வந்து அதே ஊசியை இன்னொரு தடவை போட்டுக்கொள்ள உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினார்.

"ஏனுங்க, பேசி முடிச்சிட்டா உக்காருங்க. டோக்கன் கூப்புடறது காதுல உழுகமாட்டேங்குது."

அறுந்த இழை

உட்கார்ந்தேன். அந்த அம்மாள் உள்ளே போய், போன வேகத்தில் நடந்தே வெளியே வந்தார். அதன் பிறகு ஓடிப்போக எனக்கு முகமில்லை. சொட்டு விட்டு மரத்துப்போகச் செய்தார்கள், இமை மூடாமல் கிளிப் மாட்டினார்கள். ஓர் அழுத்தம், ஒரு 'டிக்' சத்தம். அவ்வளவுதான். வலிக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய அதிர்ச்சி.

மறுநாள் பார்வையில் அறுந்த இழை போல ஒரு நிழல் மிதந்தது. அலறிக்கொண்டு ஓடினேன். அதுதான் மருந்துக் குச்சி, கண்ணுக்குள் இருந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும் என்றார் டாக்டரம்மா. கண்ணில் அழுத்தம் ஏறுகிறதா என்று மட்டும் அடிக்கடி வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வாரங்கள் போகப்போக நோட்டீஸின் அடியில் இருக்கும் பொடி எழுத்துகூடத் தெரிந்தது. மாத்திரை குறையக் குறையக் கன்னமும் வற்றியது. அதைப் பார்த்த பழனிசாமி, பழையபடி எனக்கும் சேர்த்து டீ சொன்னான்; நான் குடிக்கவில்லை.

அடுத்த முறை போனபோது, "இனிமேல் இது நிரந்தரம்தானே?" என்று கேட்டேன். டாக்டரம்மாவுக்கு அதற்குள் என் தொழில் அத்துபடி.

"உங்க பாஷையில சொன்னா அது ஒப்பந்தத் தொழிலாளிங்கய்யா. சில மாசம் வேலை செய்யும், அப்படியே கரைஞ்சு போயிரும். சண்டை திரும்ப வந்தா புதுசா ஒண்ணை வேலைக்கு எடுக்கோணும்."

ஒப்பந்த முறையை ஒழி என்று ஊர்ச் சுவரெல்லாம் எழுதிய நான், என் கண்ணுக்குள் இருக்கும் அந்த ஒருவனை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேலையில் வைத்திருங்கள் என்று தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.