முதுகுப் பக்கம் வந்த மழை

வள்ளி, செந்தில், இரண்டு பேரும் கேளுங்கள். உச்சி வெயிலில் தார் ரோட்டில் காய்கிற நெல்லுக்கு ஒரு மணம் உண்டு; தாரின் சூடும் வைக்கோலின் இனிப்பும் கலந்து, தொண்டைக்குள் லேசாகக் கமறுகிற மணம். நேற்று நீங்கள் பாடப் புத்தகத்தைக் காட்டி, வானிலைக்கும் காலநிலைக்கும் என்னப்பா வித்தியாசம் என்று கேட்டபோது எனக்கு அந்த மணம்தான் நினைவுக்கு வந்தது. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான், சட்டென்று சொல்ல வரவில்லை. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல முடியும். உங்களைப் போல இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்ட மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று எழுதியே வைக்கிறேன்.

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் மேற்கே மலை நீளமாகக் கிடக்கும். ஆனி பிறந்தால் போதும், கேரளத்துக் கடல் பக்கமிருந்து தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அந்த மலையின் மறுபக்கம் மோதும். மோதிய காற்று மேலே ஏறும், ஏற ஏறக் குளிரும், குளிரக் குளிர அதில் ஆவியாக இருந்த நீர் துளித்துளியாகத் திரண்டு மேகமாகி அங்கேயே கொட்டித் தீர்த்துவிடும். மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது அதில் மிச்சமிருப்பது கொஞ்சம் ஈரம்தான். அதைத்தான் “சாரல்” என்போம். சட்டை நனையும், மண் நனையாது. புத்தகத்தில் இப்படிப்பட்ட இடத்துக்கு மழை மறைவுப் பகுதி என்று பேர் போட்டிருக்கிறது. ஆனால் எங்கள் தலையில் ஒரு சொட்டும் விழாத நாளில்கூட ஆற்றில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போகும், மலையில் பெய்த மழை அது. அந்தத் தண்ணீரில்தான் எங்கள் முதல் போகமான “கார்” நெல் விளைந்தது.

அதனால் எங்கள் ஊரில் மழை வருமா என்று யாரைக் கேட்டாலும், பதில் சொல்லுமுன் அவர் மேற்கே திரும்புவார். மலை மறைந்திருந்தால் சாரல், மலை தெரிந்தால் வெயில். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் அநேகமாக இது தப்பாது. என் அப்பா இப்படிப் பார்த்துப் பார்த்துக் கழுத்தே அந்தப் பக்கம் பழகிப்போனவர்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், ஐப்பசி பிறந்த சமயம், குத்தகை வயலில் அறுத்த கார் நெல்லை ரோட்டோரம் பரப்பியிருந்தோம். தை மாதம் அடுத்த போகமான “பிசான” நெல் அறுக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அந்த நெல்லை நம்பித்தான். நன்றாகக் காயாமல் மூட்டை கட்டினால் உள்ளே சூடேறி முளைவிட்டுவிடும். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நெல்லுக்குள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து கிண்டிவிடுகிற வேலை எனக்கு.

சில நாளாகவே மேற்கிலிருந்து வீசுகிற மேல்காற்று நின்று போயிருந்தது. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. வேர்வை காயவே மாட்டேங்கு என்று அம்மா காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் துவைத்த சேலை வெயிலில் கிடந்தும் கரையோரம் இன்னும் ஈரமாக இருப்பதாகச் சொன்னாள். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால், வேர்வையோ துணியோ அதன் ஈரம் எளிதில் ஆவியாகாது. ஈரப்பதம் என்று நீங்கள் படிக்கிறது இதைத்தான். நெல்லை அள்ளிவிடலாமா என்று அம்மா கேட்டதற்கு அப்பா மேற்கே கையைக் காட்டினார்.

“ஏளா, மலையப் பாரு. பளிச்சுன்னு தெரியுது. மழ எங்கேருந்து வரும்?”

“மலைலேருந்துதான் வரணும்னு எழுதியா வச்சிருக்கு?” என்றாள் அம்மா.

பக்கத்தில் தன் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு இசக்கியம்மா அத்தை விடவில்லை. “அண்ணாச்சி அந்த மலைக்கு மாப்பிள பாக்குதாவ போல. காலம்பற இருந்து கண்ணெடுக்கவே மாட்டேங்காவ.”

அப்பாவும் சிரித்துவிட்டார். நெல் அப்படியே கிடந்தது.

மத்தியானம் சாய்ந்ததும் திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகிற பஸ் வந்தது. எங்கள் ரோட்டில் கால் வைக்க முடியாத வெயில். அந்த பஸ்ஸோ கூரையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, முன்கண்ணாடியில் வைப்பர் இன்னும் ஆடிக்கொண்டிருக்க, வெள்ளத்துக்குள்ளிருந்து எழுந்து வந்தது போல வந்தது. படியில் நின்ற கண்டக்டர், “அண்ணாச்சி, வீரவநல்லூர்ல அடிச்சு ஊத்துது. நெல்ல அள்ளுங்க,” என்று சொல்லிக்கொண்டே போனார். வீரவநல்லூர் எங்களுக்குக் கிழக்கே, அடுத்த ஊர். அப்போதும் அப்பா, அது அங்கன பெய்யுத மழ என்று சொல்லி இன்னொரு தடவை மலையைத்தான் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. பலகையை எடுத்து நெல்லைக் கூட்டத் தொடங்கிவிட்டாள்.

ரோட்டில் விழுந்திருந்த எங்கள் நிழல்கள் திடீரென்று காணாமல் போயின. முதுகில் சில்லென்று ஒரு காற்று அடித்தது. திரும்பினால் கிழக்கே வானம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். அப்பா கையாலேயே அள்ளினார், அத்தை தன் நெல்லை எங்கள் சாக்கில் போட்டாள், எங்கள் நெல் அவள் சாக்கில் விழுந்தது. பாதியைக் காப்பாற்றினோம். மீதி நனைந்தது, அதிலும் கொஞ்சம் ரோட்டோர ஓடையில் மஞ்சளாக மிதந்து போனது. மேற்கே மலை மட்டும் அப்போதும் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தது.

நனைந்த நெல் முளைக்கும் முன் அவித்துவிட்டால் தப்பிக்கும் என்று அம்மா அன்று சாயங்காலமே அண்டாவை ஏற்றினாள். அடுப்புப் பக்கம் அப்பா வந்து உட்கார்ந்தார். பிறகு, “மல பொய் சொல்லல ஏளா. நாந்தான் மாசத்த மறந்துட்டேன்,” என்றார்.

“மாசம் ஒங்கள மறக்கலல்லா,” என்றாள் அம்மா, விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே.

பிள்ளைகளே, அந்த இரண்டு பேச்சிலும் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. அன்று மத்தியானம் அடித்த வெயில், நின்றுபோன காற்று, கசகசப்பு, கொட்டிய மழை எல்லாம் வானிலை. காலையில் ஒன்றாக இருக்கும், மாலையில் வேறாகும். ஐப்பசி வந்தால் நிலம் குளிரத் தொடங்கும், காற்று திசை மாறும், வங்கக் கடலைத் தாண்டி ஈரத்தோடு கிழக்குப் பக்கமிருந்து வரும் என்பது பல பத்து வருடங்களாக இந்தப் பூமிக்கு இருக்கிற சுபாவம். அதற்குத்தான் காலநிலை என்று பேர். ஒரே ஒரு நாள் மழையைப் பார்த்துவிட்டு காலநிலையே மாறிவிட்டது என்றும் சொல்லக் கூடாது, மாறவே மாறாது என்றும் சொல்லக் கூடாது. வருடம் வருடமாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அவித்த நெல் காயாமல் வீட்டுக்குள்ளேயே நாள்கணக்கில் கிடந்ததால் அந்த அரிசிச் சோற்றில் ஒரு புளித்த வாடை வந்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடுவேன். அப்பா மட்டும் தை வரைக்கும் ஒரு நாளும் முகம் சுளிக்காமல் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது அப்பா இல்லை. அந்த வயலில் மெஷின் இறங்கி அறுக்கிறது, நெல் அன்றைக்கே லாரியேறிப் போய்விடுகிறது. அகலப்படுத்திய ரோட்டில் இனி யாரும் நெல் காயப்போட முடியாது. டவுனுக்குக் குடிவந்த எனக்கும் மழையைச் சொல்ல செல்போன் இருக்கிறது, மலையை எதிர்வீட்டு மாடி மறைக்கிறது.

இதை எழுதி முடித்த சாயங்காலம் நீங்கள் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள். கிழக்கே லேசாகக் கறுத்த மாதிரி தோன்றியது. மேல்வீட்டுக்காரர்கள் மொட்டைமாடியில் மிளகாய் வற்றல் காயப்போட்டுவிட்டு வெளியே போயிருந்தார்கள். நான் ஏறிப்போய் அத்தனையையும் அள்ளி, படிக்கட்டுக் கூரைக்குள் வைத்துவிட்டு, காரம் ஏறிய கையோடு மழைக்காகக் காத்து நின்றேன். மேகம் கலைந்துவிட்டது. அவர்கள் வருவதற்குள் எல்லாவற்றையும் திரும்பப் பரப்பி வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.