புளியரை இறக்கத்தில் நிற்காத வண்டி

வெயிலில் பார்த்தால் அது நீல வண்டி. மழையில் நனைந்தால் மட்டும், இரண்டு பக்கத் தகட்டிலும் ஒரு பழைய சிவப்புக் கூட்டல் குறி மெல்ல மேலே வந்துவிடும். யுத்த காலத்தில் காயம்பட்ட சிப்பாய்களைச் சுமந்த ராணுவ ஆம்புலன்ஸ் அது. மதுரையில் ஏலத்துக்கு வந்தபோது, தென்காசி ஜவுளி வியாபாரி அப்துல் மஜீது எடுத்தார். பெயிண்டர் காஜா மூன்று தடவை நீலம் அடித்தும் அடியில் இருந்த சிவப்பு அடங்கவில்லை.

"நனைஞ்சாத்தான தெரியுது மொதலாளி. காய்ஞ்சா போயிரும்" என்றான் காஜா. மஜீதும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு வருஷமாக அவர் லுங்கி, துண்டு மூட்டைகளை ரயிலிலும் பஸ்ஸிலும் ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, குளத்துப்புழை ரப்பர்த் தோட்டங்களுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். கடை வராந்தாவிலும் தோட்டத்துக் கொட்டகையிலும் படுத்து முதுகு போய்விட்டது. சொந்தமாக ஒரு வண்டி, அதற்குள்ளேயே சரக்கும் படுக்கையும் அடுப்பும் என்று அவர் சொன்னபோது கடைத்தெருவில் சிரித்தார்கள். தச்சர் ஆதம் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பக்கம் கட்டில், அதன் கீழே துணி வைக்க இழுப்பறைகள், மூலையில் பம்பு ஸ்டவ் நிற்க ஒரு தட்டு, தண்ணீர் டிரம்முக்கு ஒரு சட்டம் என்று இரண்டு மாதம் இருந்து இழைத்துக் கொடுத்தார். கட்டிலுக்குப் புது இலவம்பஞ்சு மெத்தை. அதன் மேல் வெள்ளை விரிப்பு. அந்த விரிப்பை மஜீது தன் கையாலேயே நான்கு மூலையும் இழுத்துச் செருகினார்.

முதல் பயணத்துக்கு மனைவி ஜாஹிரா பீவியையும் கூட்டிக்கொண்டார். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவள் கடையநல்லூரில் இருந்த பிறந்த வீட்டைத் தவிர வேறு ஊர் பார்த்ததில்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்தன, இரண்டும் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வெளியே வருவதே அபூர்வம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவி ரோட்டோரம் ஒரு மருத மரத்தடியில் வண்டியை நிறுத்தினார் மஜீது. ஜாஹிரா குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு பற்றவைக்கக் கூடாது என்பது அன்றுதான் இருவருக்கும் தெரிந்தது. கண் எரிந்து இரண்டு பேரும் வெளியே ஓடி வந்து மழையில் நின்றார்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படி அவள் சிரித்து மஜீது பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

"வீட்டுக்குச் சக்கரம் வச்சிட்டீகளே! இனி நான் எங்கன இருந்தாலும் அது நம்ம வீடுதான்" என்றாள்.

இன்னும் சில பாடங்கள் வரிசையாக வந்தன. தண்ணீர் டிரம்மை வாய் வரை நிரப்பினால் முதல் வளைவிலேயே பாதி கொட்டிவிடும். கூரையில் ஆணி அடித்த இடமெல்லாம் ஒழுகும். சாய்ந்த தரையில் நிறுத்திவிட்டுப் படுத்தால் ராத்திரி முழுக்க உருண்டுகொண்டே இருக்க வேண்டியதுதான். ஒவ்வொன்றுக்கும் மஜீது, "அடுத்த தடவை பாரு, இதைச் சரி பண்ணிருதேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்த தடவை இப்படி ஒரு பயணம் இருக்காது என்று அவருக்கு அப்போது தெரியாது.

தோட்டங்களில் மூன்று நாள் வியாபாரம். நான்காம் நாள் திரும்பினார்கள். ஆரியங்காவு தாண்டும்போது மணி நாலு இருக்கும். மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. கோட்டைவாசல் கணவாயைக் கடந்து புளியரைப் பக்கம் இறக்கம் தொடங்கியது. பக்கத்துத் தகட்டில் கூட்டல் குறி பளிச்சென்று எழும்பியிருக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

இரண்டாவது வளைவில் ரோட்டு வேலைக்காரர்களின் தார்ப்பாய்க் கொட்டகை. அதன் வாசலில் ஐந்தாறு பேர் நின்றார்கள். வண்டி வளைந்து பக்கவாட்டில் தெரிந்ததும் ஒரு குரல் கத்தியது.

"ஆஸ்பத்திரி வண்டி! ஏலே, ஆஸ்பத்திரி வண்டி வருதுலே!"

ஒருவன் நடுரோட்டுக்கே ஓடி வந்து கையைத் தூக்கினான். அவனுக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலில் ஒரு பெண் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே சேலை கருத்து நனைந்திருந்தது. மழை நனைத்த கருப்பு இல்லை அது. மஜீதுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

கால் பிரேக்குக்குப் போனது. போன கால் திரும்பியும் வந்தது. அவர் ஹாரனை அழுத்தினார். கையைத் தூக்கியவன் கடைசி நொடியில் ஒதுங்கினான். அவன் உள்ளங்கை பக்கக் கண்ணாடியில் தட்டிச் சறுக்கிய சத்தம் கேட்டது.

"நிறுத்துங்க! பிள்ளைத்தாச்சிங்க அது! நிறுத்துங்க!" பின்னால் கட்டிலில் இருந்து ஜாஹிரா அலறினாள்.

"இறக்கம்மா. ஈரத்துல பிரேக் பிடிக்காது. வண்டி கவிழ்ந்துரும். பின்னாலயே பஸ் வருது, அதுல ஏத்திக்கிடுவாங்க."

ஜாஹிரா திரைச்சீலையை விலக்கிப் பின்பக்க ஜன்னல் வழியே பார்த்தபடியே இருந்தாள். வளைவு மறைக்கும் வரை அவள் முகத்தைத் திருப்பவில்லை.

கீழே புளியரை சோதனைச் சாவடி. மதுவிலக்குப் போலீஸ்காரர் குடைக்குள் இருந்து ஒரு விரலை நீட்டினார். மஜீது பிரேக்கை மிதித்தார். வண்டி கொஞ்சமும் வழுக்காமல், சொன்ன இடத்தில் நின்றது.

"இதுக்கு மட்டும் நின்னுச்சாக்கும்" என்றாள் ஜாஹிரா.

போலீஸ்காரர் இழுப்பறைகளைத் திறந்து பார்த்துவிட்டு, "ஜோரா இருக்கே பாய், கல்யாண வீடு மாதிரி" என்று மெத்தையைத் தட்டிச் சிரித்தார்.

"திரும்பிப் போவோம்ங்க" என்றாள் ஜாஹிரா, போலீஸ்காரர் நகர்ந்ததும்.

"பஸ் வந்திருக்கும் இந்நேரம்."

பஸ் வரவில்லை. ஆரியங்காவுக்கு மேலே மரம் விழுந்து ரோடு அடைத்துக் கிடந்தது. அது அவருக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. வண்டியை எடுக்க மனம் வராமல் பஸ் ஏறிப் புளியரைக்குப் போய், ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, யாரோ எவரோ போல விசாரித்தார்.

டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ரோட்டு வேலை பாக்குத வல்லிநாயகம் பொண்டாட்டி குழல்வாய்மொழி. கட்டிலோட தூக்கிட்டு இறங்குனாங்க. இந்தா, இந்த முக்கு வரைக்கும் மூச்சு இருந்துச்சு. பிள்ளையும் போச்சு. ஒரு ஆஸ்பத்திரி வண்டி நிக்காமலே போயிருக்கு பாய். நீல வண்டியாம். எந்தப் பாவியோ."

மஜீது டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கடைக்கு எதிரே ரோடு மேலே ஏறி மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

கடைத்தெருவில் யாராவது முதல் பயணம் பற்றிக் கேட்டால் ஸ்டவ் புகையையும் டிரம் தண்ணீரையும் சொல்லுவார். தனியாக இருக்கும்போது பிரேக் நினைவு வரும். நிறுத்தினால் வண்டி வழுக்கியிருக்கும் என்று மனம் ஒரு கணக்குச் சொல்லும். உடனே சாவடியில் வண்டி நின்ற விதம் எதிரே வரும். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கால் பிரேக்கிலிருந்து திரும்பிய அந்த நொடியில் அவர் நினைத்தது இறக்கத்தை அல்ல, வெள்ளை விரிப்பை.

அன்றிலிருந்து அவரால் அந்தக் கட்டிலில் படுக்க முடியவில்லை. கண்ணை மூடினால் பக்கக் கண்ணாடியில் ஈரமான ஓர் உள்ளங்கை தட்டிச் சறுக்கும். எழுந்து உட்கார்ந்தால் மழை கூட இருக்காது. பகலில் ஓட்டும்போதும் அதே. அந்த இரண்டாவது வளைவில் காய்ந்த வெயிலிலும் அவர் கண்ணாடியை ஒருமுறை துடைப்பார். வண்டியைத் தென்காசியில் நிறுத்தியிருக்கும்போது ஜாஹிரா அதைப் பெருக்கிச் சுத்தம் செய்வாள். கட்டிலில் மட்டும் உட்கார மாட்டாள்.

"வித்துருதேன்" என்றார் ஒருநாள்.

"வித்தா? நாளைக்கு வாங்குனவன் அந்த வழியா போவான். அவனும் நிறுத்த மாட்டான். அதுக்கா?" என்றாள். அவள் அந்த விஷயத்தைப் பற்றி அவரிடம் பேசியது அவ்வளவுதான்.

அவர் காஜாவை அழைத்து, தகடு தெரியும் வரை பழைய சாயத்தையெல்லாம் சுரண்டச் சொன்னார். சிவப்பு பொடிப் பொடியாக உதிர்ந்தது. அதன் மேல் பச்சை அடித்தார்கள். இனி எந்த மழையிலும் எதுவும் எழும்பாது. மஜீது அன்று கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தார். தூங்கவில்லை.

அதற்குப் பிறகு யார் கையைத் தூக்கினாலும் நிறுத்தினார். முதலில் பலாப்பழம் கொண்டுபோகிறவர்களும் சந்தைக்குப் போகிற கோழிகளும்தான் ஏறின. பிறகு ஆரியங்காவுத் தோட்டத்தில் பாம்பு கடித்த ஒருவர். பிறகு ஜன்னி கண்ட ஒரு குழந்தை. பிறகு பிரசவ வலி எடுத்த பெண்கள். இரண்டு பிள்ளைகள் அந்த மெத்தையிலேயே பிறந்தன. விரிப்பு வெள்ளையாக இருந்த காலம் போய்விட்டது. மெத்தையை மூன்று தடவை மாற்றினார்கள். நேரம் கெட்ட நேரத்தில் வீட்டுக் கதவைத் தட்டிக் கூப்பிடுவார்கள். ஜாஹிரா அவர் சட்டையை எடுத்துக் கொடுப்பாள். ஜவுளி வியாபாரம் மெலிந்துகொண்டே வந்தது. உடம்பும் மெலிந்தது. தாடி வளர்ந்து நரைத்தது. மலைக்கு இரண்டு பக்கத்திலும் "பச்சை வண்டி பாய்" என்றால் தெரியாதவர்கள் இல்லை. அந்தப் பெயரை யாராவது மரியாதையோடு சொல்லும்போதெல்லாம் அவருக்கு உள்ளே ஏதோ கூசும்.

வல்லிநாயகம் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. மனைவி போனதும் கடையம் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். மஜீது அந்தப் பக்கம் வியாபாரத்துக்குப் போனதே இல்லை.

அறுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில் கணவாயில் மண் சரிந்தது. அடைப்பை வெட்டக் கடையம் பக்கமிருந்து வந்த ஆட்களில் ஒருவர் காலில் பாறை விழுந்தது. பச்சை வண்டிக்கு ஆள் வந்தது. தூக்கி ஏற்றிய பிறகுதான் கூட வந்த மேஸ்திரி, "வல்லிநாயகம், பல்லைக் கடிச்சுக்கோ" என்றார். மஜீது திரும்பிக் கட்டிலில் கிடந்தவரை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

செங்கோட்டைக்கு முந்தின ரயில்வே கேட் சாத்தியிருந்தது. மேஸ்திரி இறங்கிப்போய்க் கேட்காரரோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வண்டிக்குள் அவர்கள் இருவர் மட்டும்.

"உங்களை மாதிரி ஒருத்தர் அன்னைக்கு வந்திருந்தா என் பொண்டாட்டி பிழைச்சிருப்பா பாய்" என்றார் வல்லிநாயகம், மேலே கூரையைப் பார்த்தபடி. "ஒரு வண்டி வந்துச்சு. நிக்கல."

எட்டு வருஷமாகத் தொண்டையில் இருந்தது தானாக வெளியே வந்தது. "அது நான்தான் வல்லிநாயகம். இந்த வண்டிதான்."

வல்லிநாயகம் தலையைத் தூக்கிப் பார்த்தார். வலிக்கு நடுவிலும் சிரிக்க முயன்றார். "சும்மா இருங்க பாய். அது நீல வண்டி. சிவப்புக் குறி போட்டது. கையைத் தூக்கி மறிச்சப்ப ஓட்டுனவன் முகத்தை நான் கண்ணாடிக்குள்ள பாத்தேன். கொழுத்த முகம். இன்னைக்கும் மறக்கல. உங்க முகமா அது?"

"பெயிண்டை நான்தான் சுரண்டி..."

"எல்லார் பாவத்தையும் உங்க தலையில போட்டுக்காதீக. நீங்க நல்ல மனுசன்."

ரயில் போனது. கேட் திறந்தது. மேஸ்திரி வந்து ஏறியதும் மஜீது வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஜாஹிராவிடம் சொன்னார். "நம்ப மாட்டேங்குதாரு. நீ வந்து சொல்லணும்."

"அவருக்காகச் சொல்லப் போறீகளா, உங்களுக்காகவா?" என்றாள் ஜாஹிரா.

"தெரியல."

அவள் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவின் கடைசிக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு வல்லிநாயகம் சாய்ந்திருந்தார். மத்தியான வெயில் தரையில் விழுந்திருந்தது. பாயையும் அவர் வீட்டுக்காரியையும் கண்டதும் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தார்.

"எழுந்திருக்காதீக" என்றாள் ஜாஹிரா. "இவுக சொன்னது நெசம். அப்ப இவுகளுக்கு உடம்பு இருந்துச்சு. தாடி இல்ல. வண்டி நீலமா இருந்துச்சு. நான் பின்னால உக்காந்திருந்தேன். நிறுத்துங்கன்னு கத்துனேன். இறங்கிக் குதிச்சிருக்கணும். குதிக்கல."

வல்லிநாயகத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று மஜீதுக்குத் தெரியவில்லை. அவர் மஜீதைப் பார்க்கவில்லை. ஜாஹிராவைத்தான் பார்த்தார்.

"வண்டி ஜன்னல்ல ஒரு பொம்பளை முகம் தெரிஞ்சுச்சுன்னு குழல்வாய்மொழி சொன்னா" என்றார் மெதுவாக. "கட்டிலைத் தூக்கிட்டு இறங்கும்போது சொன்னா. பொம்பளை இருக்கா, திரும்பி வருவாங்கன்னு. முக்கு வரைக்கும் அதையே சொல்லிட்டு வந்தா. நான் ஜன்னியில பேசுதான்னு நினைச்சேன்."

ஜாஹிரா அவர் கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"போங்க" என்றார் வல்லிநாயகம். கோபமாகச் சொல்லவில்லை. "ரெண்டு பேரும் போங்க."

கால் சரியானதும் அவர் மறுபடி கோட்டைவாசல் வேலைக்கே வந்தார். பச்சை வண்டி கடந்து போகும்போது மற்ற ஆட்கள் கும்பிடுவார்கள். அவர் குனிந்து ஜல்லியைப் பரப்பிக்கொண்டிருப்பார். அடுத்த வருஷம் அவருடைய தங்கச்சிக்குப் பிரசவ வலி எடுத்தபோது பச்சை வண்டிக்கு ஆள் அனுப்பினார். தான் கூட ஏறவில்லை. பிள்ளை பிறந்த செய்தியையும் வேறு ஆள் மூலமாகவே சொல்லி அனுப்பினார்.

அறுபத்தொன்பதில் கண்பார்வை மங்கும் வரை மஜீது வண்டியை ஓட்டினார். சொன்னதால் பாரம் குறைந்ததா என்று தச்சர் ஆதம் ஒருமுறை கேட்டார். ஆதமுக்கு மட்டும் எல்லாம் தெரியும். மஜீது சொன்னார்: "குறையல. முன்ன நான் ஒருத்தன் சுமந்தேன். இப்ப மூணு பேர் சுமக்குதோம்."

ஜாஹிரா அந்த ஆஸ்பத்திரி நாளுக்குப் பின்னும் மலைக்கு அந்தப் பக்கம் போகவே இல்லை. ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் நோயாளிப் பெண் யாரையாவது ஏற்ற மஜீது கிளம்பினால் வீட்டிலிருந்தே கூட ஏறிப்போய், செங்கோட்டை வரையோ தென்காசி வரையோ, அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். வழி நெடுக அந்தப் பெண்ணின் காதோரம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாள். என்ன சொல்லுகிறாள் என்று மஜீது ஒருநாளும் கேட்டதில்லை.