ஒரிஜினல் பெட்டி

சென்னிமலைக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் இல்லை. தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன அன்று லாரியின் முன்பக்கத்தோடு சேர்ந்து அவையும் நசுங்கிவிட்டன. பட்டறைக்காரன் கம்பெனி பிரேக் லைனர் என்று சொல்லி டூப்ளிகேட்டை மாட்டியிருந்தான் என்பது ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் தெரிந்தது. அந்தப் புண்ணியவான் இன்றைக்கும் நாமக்கல்லில் கொழுகொழுவென்று இருக்கிறான்.

அதற்குப் பிறகு சென்னிமலைக்கு டூப்ளிகேட் என்ற பேச்சே ஆகாது. செருப்புப் போட வழியில்லாத மனிதர், மனைவி செல்லாயி வாங்கிவரும் செருப்பைக்கூடப் புரட்டிப் பார்த்துத்தான் வீட்டுக்குள் விடுவார்.

இல்லாத அந்தக் கால்கள் அவருக்கு வலிக்கும். துண்டைக் கடித்துக்கொண்டு கிடப்பார். மாரியம்மன் நோம்பி விருந்துக்கு வந்த செல்லாயியின் தம்பி மோகன்குமார் அதைப் பார்த்துவிட்டு, மனம் மாறட்டுமே என்று ஒரு பென்டிரைவை நீட்டினான். ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். உள்ளே லாரி ஓட்டும் கேம் இருந்தது.

"ஒரிஜினலா மாப்ள?"

"அதே கேம்தானுங்க மச்சான். லாக்கை மட்டும் ஒடச்சிருக்குதுங்க."

சொந்தக்காரர்கள் இலை முன்னால் உட்கார்ந்திருக்க, சென்னிமலை அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். "திருட்டுப் பயலே, டூப்ளிகேட்டைத் தூக்கிக்கிட்டு என்ற ஊட்டுக்குள்ளயே வாரியா?"

மோகன்குமார் கை நனைக்காமல் போய்விட்டான்.

சென்னிமலை கோயம்புத்தூரிலிருந்து அதே கேமின் ஒரிஜினல் பெட்டியே வரவழைத்தார். பளபளத்த கம்பெனி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார். மேசையில் ஒரு ஸ்டீயரிங்கைப் பொருத்தி, பிரேக்கையும் கைக்கே மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த கேம் வெளிநாட்டுக் கம்பெனியைக் கேட்டு, அனுமதி வந்த பிறகுதான் ஓடும். அவருக்கு அதிலும் பெருமைதான். தினமும் குளித்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவார். ஸ்டீயரிங் கையில் இருக்கும்வரை கால்கள் வலிக்காது. அந்த நிம்மதி சில வருடம் நீடித்தது.

ஒருநாள் காலையில் கேம் திறக்கவில்லை. வாங்க ஆளில்லை என்று கம்பெனி அந்த அனுமதி கொடுக்கும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டது. பெட்டி இருக்கிறது, ஸ்டிக்கர் இருக்கிறது, ஓட்டத்தான் முடியாது. யோக்கியமாக வாங்கியவனுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். வலி திரும்பி வந்தது. துண்டும் வந்தது. பொறுக்க முடியாமல் செல்லாயி தம்பியை அழைத்தாள்.

மோகன்குமார் அவசரமில்லாமல் வந்தான். பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஸ்டிக்கர் நல்லாத்தான் இருக்குதுங்க மச்சான். சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சுக்கோங்க. நான் கொண்டாந்தது இன்னும் எல்லா ஊட்டுலயும் ஓடுதுங்க."

"போட்டுக் குடு மாப்ள."

"என்னத்தைங்க?"

"அந்த டூப்ளிகேட்டை."

"சத்தமாச் சொல்லுங்க. அன்னிக்கு எல்லாருக்கும் கேக்கற மாதிரிதானே சொன்னீங்க?"

செல்லாயி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சென்னிமலை சத்தமாகவே சொன்னார்.

கேம் உடனே திறந்தது. அதே லாரி, அதே மலைப்பாதை. மோகன்குமார் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான், "பாத்து ஓட்டுங்க மச்சான், டூப்ளிகேட்டுங்க. இன்னும் கை ரெண்டு பாக்கி இருக்குது."

முதல் இறக்கம் வந்தது. சென்னிமலையின் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கை இழுத்தார். லாரி வளைவுக்கு முன்னாலேயே சாதுவாக நின்றது. அடுத்த இறக்கத்திலும் நின்றது. அதற்கடுத்ததிலும் நின்றது.

"நல்லா ஓடுதுங்களா?" என்று செல்லாயி ஆசையாகக் கேட்டாள்.

"புடிக்குது புள்ள" என்றார் அவர். "டூப்ளிகேட்டு, புடிக்குது."

சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். ஸ்டீயரிங் கையில் இருந்தும் கால்கள் வலித்துக்கொண்டே இருந்தன.